கற்பூர ஒப்பந்தம்

அன்புள்ள பிள்ளை,

பக்கத்து அறையில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். கதவைத் தட்டினால் திறப்பாய், தெரியும். திறந்த பிறகு நடப்பதும் தெரியும். நான் ஏதோ சொல்லத் தொடங்குவேன், பாதியில் வாய் தன்பாட்டில் ஒரு நக்கலை எடுத்துவிடும், நீ சிரித்துக்கொண்டே எழும்பிப் போய்விடுவாய். நீ கதைக்கப் பழகிய நாளிலிருந்து எங்கள் கதையெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. பேனைக்கு நக்கல் அவ்வளவு இலகுவாக வராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில், உப்புப் போத்தலுக்குக் கீழே, திறந்தபடி கிடக்கும். அம்மா வாசிக்கட்டும். நடுவீட்டு மாலினி அன்ட்டி கேட்டால் யாராவது சிங்களத்தில் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் எடுத்து வாசித்தாலும் பரவாயில்லை.

நேற்று மத்தியானம் பல்கனிக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் வெள்ளவத்தை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடலிலிருந்து ஒரு வெள்ளைப் புழுக்கம் எழும்பி ஒழுங்கைக்குள் வரும். ரயில் எங்கேயோ வேறு ஊரில் ஓடுவதுபோலக் கேட்கும். அப்படியே கனவு. காலி வீதி முழுக்கச் சனம், ஆனால் சத்தம் இல்லை. பஸ்கள் தண்ணீரில் மிதப்பதுபோல மெதுவாகப் போகின்றன. எல்லாருடைய கையிலும் துணியால் மூடிய ஏதோ ஒன்று. கொதிக்கிற பால்ச்சட்டியைத் தூக்குகிறவர்கள்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி நடக்கிறார்கள். எங்கே இறக்கி வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் கையிலும் ஒன்று இருந்தது. சந்தைக்கு முன்னால், பாதையைக் கடக்கிற இடத்தில், நீ மட்டும் வெறுங்கையோடு நின்றாய். சனம் உன்னிடம் வந்து, "பிள்ளை, இதை எங்க வைக்கிறது?" என்று கேட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அம்மா தேத்தண்ணியோடு வந்து எழுப்பிவிட்டா. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அந்தக் கனவுக்குள்ளேயே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தொடங்குகிறேன். அம்மா இடியப்பத் தட்டை மேசையில் வைத்தா. நீ சம்பல் கோப்பையை இழுத்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னாய்: "வியன்னா வேலைக்கு வரேல்லை எண்டு எழுதப்போறன். வெள்ளிக்கிழமைக்குள்ள மறுமொழி சொல்லவேணும்." அணு ஆயுதங்களை ஒழிப்பதற்காக நாடுகளோடு பேசுகிற ஓர் அலுவலகம் அது. அதில் ஒரு கதிரை கிடைக்க நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று இந்த வீட்டுச் சுவர்களுக்கே தெரியும். அம்மா, "ஏன் பிள்ளை?" என்றா. நீ அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாய். "அப்பா சொன்னதுதான் சரி. நாடுகள் குடுக்கிற வாக்குறுதி எண்டு ஒண்டும் இல்லை. எல்லாம் கற்பூர ஒப்பந்தம்தான்." இத்தனை வருடமாக உன்னோடு நடத்திய வாதத்தில் நான் வென்றுவிட்டேன். வென்ற அன்றைக்கு எனக்கு இடியப்பம் இறங்கவில்லை.

கடிதம் திறந்து கிடக்கப்போகிறபடியால் கற்பூர ஒப்பந்தத்தின் கதையை மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் கட்டடத்தில் மூன்றே மூன்று வீடு. கீழே இராசரத்தினம் அண்ணை, நடுவில் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற மாலினி அன்ட்டியும் படுக்கையில் கிடந்த அவவின் தாயும், மேலே நாங்கள். நகரசபைத் தண்ணீர் கீழ்வீட்டு மதிலுக்குள் இருக்கிற நிலத்தடித் தொட்டிக்குள் வந்து விழும். அங்கிருந்து மோட்டர் அதை மொட்டைமாடித் தாங்கிக்கு ஏற்றும். தாங்கியிலிருந்து குழாய் வழியாக எல்லாருக்கும் இறங்கும். மோட்டரின் சுவிட்ச் இராசரத்தினம் அண்ணையின் குசினிக்குள் இருந்தது, கட்டின காலத்தில் ஒயர் இழுக்கச் சுகம் என்று அங்கே வைத்துவிட்டார்களாம். மொட்டைமாடிக்கு ஏறுகிற கதவின் பூட்டுத் திறப்பு எங்களிடம். மேலே தாங்கிக்கு அடியில் ஒரு வால்வு. அதைத் திருகினால் கீழிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் நின்றுவிடும். ஆக, அவர் நினைத்தால் எங்களைக் காயவிடலாம், நாங்கள் நினைத்தால் அவரைக் காயவிடலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் படியில் சந்திக்கும்போது இரண்டு பேரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துக்கொள்வோம்.

ஒரேயொரு முறைதான் சண்டை மூண்டது. எங்கள் கொடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் மனைவி காயப்போட்ட மோர்மிளகாயில் விழுந்துவிட்டது. அவர் மோட்டரை நிற்பாட்டினார், நான் வால்வைத் திருகினேன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு வீராப்பாக இருந்தோம். அந்த நாட்களில் மாலினி அன்ட்டி வாளியோடு ஒழுங்கை முனைக்கு நடந்து போனதை நீதான் பார்த்தாய். அப்போது நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். பாடசாலை விவாதக் குழுவில் அணு ஆயுதம் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்த சூடு. "அப்பா, ஆரோ ஒராள் முதல்ல கீழ வைக்கத்தானே வேணும்?" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க மேலுக்கும் கீழுக்கும் நடந்து நடந்து நீயே பேசி முடித்தாய். நாங்கள் மொட்டைமாடித் திறப்பை இராசரத்தினம் அண்ணையிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் என்ன நடந்தாலும் மோட்டரை நிற்பாட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். மாலினி அன்ட்டி சாட்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் நடுப்படியில் கற்பூரம் கொளுத்தி, அவர் உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். மாலினி அன்ட்டி தன் பங்குக்கு இரண்டு பேருக்கும் வெற்றிலைச் சுருள் கொடுத்துக் கும்பிட்டா. அம்மா வடை சுட்டா. உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் இன்னும் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. சத்தியத்தை மீறினால் என்ன செய்வது? கேட்டிருக்க வேண்டும். ஆனால் நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் உடைவு, முறிவு என்று வாயைத் திறந்தால் அபசகுனம் என்று வளர்ந்த சனம் நாங்கள். கலியாண வீட்டில் தும்மக்கூடப் பயப்படுகிறவர்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது "இவர் நாளைக்கு மாறினால்?" என்று யார் கேட்பது? எனக்கு அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வடையைக் கடித்து அதை விழுங்கிவிட்டேன்.

இராசரத்தினம் அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அவர் கனடாவில் பிள்ளைகளிடம் போய்விட்டார். கீழ்வீட்டுக்கு அவருடைய மருமகன் வந்தார். வந்த கொஞ்ச நாளில் அவருக்கு மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட ஆசை வந்தது. அது எல்லாருக்கும் பொதுவான இடம், ஒத்துக்கொள்ள முடியாது என்று நானும் மாலினி அன்ட்டியும் சொன்னோம். அடுத்த நாள் மோட்டர் ஓடவில்லை. நான் இறங்கிப் போய்ச் சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். அவர் கோபிக்கவே இல்லை, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணை, கற்பூரம் அடிச்சது மாமா. நான் அடிக்கேல்லை. மாமாவின்ர சத்தியம் மாமாவோட கனடாவுக்குப் போயிட்டுது." நீ அப்போது பேராதனையில் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா பித்தப்பை சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தா, குனியக்கூட முடியாது. நான் குளிப்பதற்குக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குத் துவாயோடு பஸ் ஏறிப் போனேன். அந்தக் கோபத்தை உன்மேல் தொலைபேசியில் கொட்டினேன். "பாத்தியா, திறப்பைக் குடுத்தவையின்ர கதி?" என்று கத்தினேன். தண்ணீர் திரும்பி வந்தபிறகு, வந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. செய்தியில் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கினால், "கற்பூரம் எங்க?" என்பேன். உக்ரைனுக்குள் படை புகுந்த நாள் காலையில் நான் உன்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். சோவியத் யூனியன் உடைந்தபோது அதன் அணுகுண்டுகளில் ஒரு பெரும் பங்கு அந்த நாட்டின் மண்ணில் மிஞ்சியது. அதை அது ஒப்படைத்தது. அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் பதிலுக்கு எழுதிக் கொடுத்தன. எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவரே பிறகு எல்லையைத் தாண்டினார். "திறப்பைக் குடுத்த ஆக்கள்," என்றேன், பாணைக் கடித்துக்கொண்டு. நீ பொறுமையாக வாதாடினாய். அந்தக் குண்டுகளை ஏவுகிற அதிகாரம் மொஸ்கோவில்தான் இருந்தது, வைத்திருந்தாலும் பயன்படுத்தியிருக்க முடியுமா என்பது சந்தேகம் என்றாய். தென்னாபிரிக்கா தான் செய்த குண்டுகளைத் தானே பிரித்துப்போட்டு இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது என்றாய். இல்லாதவர்கள் செய்யமாட்டோம் என்றும், இருக்கிறவர்கள் கைவிடுவதற்குப் பேசுவோம் என்றும் சொன்ன அந்தப் பழைய பேரத்தில் முதல் பாதியைத்தான் உலகம் காப்பாற்றியது, இரண்டாவது பாதியைக் கேட்கத்தான் ஆட்கள் வேண்டும் என்றாய். எல்லாம் நியாயமான பேச்சு. நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன், "கற்பூரம், பிள்ளை, கற்பூரம்."

என் நக்கல் எங்கிருந்து வருகிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. மோட்டரிலிருந்து வருகிறது என்று நினைத்திருப்பாய். அது சுவரில் இருக்கிற உன் சித்தப்பாவின் படத்திலிருந்து வருகிறது. இரண்டு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்து வைத்து, பெரிய நாடு எங்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்று சொன்ன அந்த வருடம் அவன் தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில் இருந்தான். இயக்கப் பெடியள் ஆயுதங்களை ஒப்படைக்கிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் என் அம்மா பொங்கல் வைத்தா. அவன் அந்தச் செய்தியை நம்பி, யார் சொல்லியும் அல்ல, தானாகவே, ஊருக்குத் திரும்பி வந்தான். "இனி என்ன அண்ணா, பெரிய ஆக்கள் கையெழுத்து வைச்சிட்டினம்," என்றான். மீறினால் என்ன என்று அன்றைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. ஐப்பசி மழை தொடங்கியபோது பெரிய நாட்டுப் படைக்கும் பெடியளுக்கும் சண்டையும் தொடங்கியது. பாண் வாங்கச் சைக்கிளில் போனவன் சந்தியில் விழுந்த ஷெல்லில் போய்விட்டான். எந்தப் பக்கத்து ஷெல் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு இன்னும் அவனை நினைத்தால் அழுகை வருகிறது, பிள்ளை. அழுவதற்குப் பதிலாகத்தான் இத்தனை வருடமும் நக்கல் அடித்தேன்.

இனி, உனக்குத் தெரியாத பகுதி. மோட்டர் நின்ற அந்த நாட்களில் ஒரு பின்னேரம், தையல் இன்னும் ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா சாமியறைக்குள் போனா. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு திறப்பை எடுத்து என் கையில் வைத்தா. மொட்டைமாடிக் கதவின் இரண்டாவது திறப்பு. "நீர் அண்டைக்குச் சத்தியத்தில நிண்டனீர்தானே?" என்றேன். அம்மா சொன்னா: "நான் பிள்ளையின்ர சொல்லை நம்பினனான். நம்பினால் திறப்பை எறியவேணுமோ?" உலகம் முழுக்க எந்த நாடு எந்தப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் என்ன ஒளித்து வைத்திருக்கிறது என்று நீ படித்த படிப்பில் உனக்குத் தெரியும். கீழ்வீட்டு மருமகனை ஒரு வழி பண்ணுவது என்று நான் மேலே ஏறினேன்.

பொழுது படுகிற நேரம். கடல் முழுக்க ஒரு மஞ்சள். அந்த உயரத்தில் நின்றால் காலி வீதியின் இரைச்சல்கூட யாரோ நித்திரையில் முனகுவதுபோலத்தான் கேட்கும். காகங்கள் தாங்கியின் விளிம்பில் வந்து இருந்தன. எனக்கு நான் யார், எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. பிறகு குனிந்து வால்வில் கையை வைத்தேன். தாங்கியில் காதை வைத்துக் கேட்டேன், அடியில் மிச்சம் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. பாதி திருகியிருப்பேன். கீழே, காற்றுக்காக விட்ட துவாரத்தின் வழியாக, மாலினி அன்ட்டியின் தாயின் குரல் வந்தது. "வத்துர" என்றா, தண்ணீர் கேட்டா. பிறகு நடுவீட்டுக் குழாய் திறக்கிற சத்தம். நூல்போல ஒழுகுகிற சத்தம். அந்த நூலை நான் என் கையால் இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழ்வீட்டு மருமகன் இளந்தாரி. தன் மதிலுக்குள் இருக்கிற தொட்டியின் மூடியைத் திறந்து வாளியால் அள்ளிக்கொள்வார். நான் வால்வை மூடினால் அவருக்கு ஒரு மயிரும் நடக்காது. காயப்போவது நடுவீடு. இராசரத்தினம் அண்ணை வயதானவர், குனிந்து அள்ள முடியாதவர், அதனால்தான் அத்தனை வருடம் எனக்குப் பயந்தார். நான் அதை என் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் சண்டையில்கூட வாளி தூக்கியது மாலினி அன்ட்டிதானே? நானும் அண்ணையும் ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்ட காலம் முழுக்க, நாங்கள் குறிவைத்தது தங்கள் கையில் சுவிட்சும் இல்லாத, வால்வும் இல்லாத அந்த இரண்டு பெண்களை. இதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வால்வைப் பழையபடி திறந்துவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த நாள் காலையில் மாலினி அன்ட்டி ஒரு வெறும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய்க் கீழ்வீட்டு வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்தா. சத்தம் போடவில்லை, சாபம் போடவில்லை. மருமகன் வெளியே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். "மோட்டர் போடுங்க," என்றா. அவர் அதே கதையைச் சொன்னார், கற்பூரம் அடித்தது மாமா, நான் இல்லை. நான் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்ட்டி அவரைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தன் தமிழில் சொன்னா: "மல்லி, நீங்க அடிக்க இல்லதான். ஆனா அந்த வாசம் என்ட வீட்டுக்குள்ள வந்ததுதானே. நான் சாட்சி. உங்கட மாமா போனா என்ன, நான் இங்கதானே இருக்கேன்." அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்ட்டி மத்தியானம் வரை இருந்தா. மறுநாளும் வந்து உட்கார்ந்தா. ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று விசாரிக்கத் தொடங்கினார்கள், மீன்காரர், டியூசன் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் தாய்மார், எல்லாரும். எல்லாருக்கும் அவ மோட்டர் கதையைச் சொன்னா, கற்பூரத்தையும் விடாமல். பிறகு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருமகனின் மனைவி எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தா. தந்துவிட்டு உள்ளே போய்ப் புருஷனோடு என்ன கதைத்தாவோ, அடுத்த நாள் காலை நாங்கள் படியில் இருக்கும்போதே உள்ளே மோட்டர் உறுமத் தொடங்கியது. அன்ட்டி எழும்பி, சேலையைத் தட்டிக்கொண்டு, "ஹரி," சரி என்று மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டு மேலே போனா.

இதை ஏன் உனக்கு அன்றைக்கே சொல்லவில்லை? சொன்னால் என் வாதம் தோற்றுவிடும். வேறு காரணம் இல்லை.

அணுகுண்டையும் தண்ணீர் மோட்டரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாரே இந்த மனுசன் என்று நீ சிரிக்கலாம். சிரி. ஆனால் நான் பல்கனியில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வடக்கே இரண்டு பெரிய வீடுகள் குண்டு வைத்திருக்கின்றன. அவை சண்டை பிடிக்கிற நாட்களில் நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே ஒன்று வெடித்தால் காற்று எங்களிடம் கேட்டுக்கொண்டா வரும்? நாங்கள் நடுவீட்டுச் சனம். எங்களிடம் சுவிட்சும் இல்லை, வால்வும் இல்லை. உலகத்தில் முக்கால்வாசி நாடுகள் அப்படித்தான் என்று நீதான் சொன்னாய். அந்த நாடுகள் சேர்ந்து, அணு ஆயுதமே கூடாது என்று ஓர் ஒப்பந்தம் எழுதின என்றும், எங்கள் நாடும் அதில் சேர்ந்துவிட்டது என்றும் சொன்னாய். நான், "குண்டு இல்லாதவன் குண்டு கூடாது எண்டு சொல்லி என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன். மாலினி அன்ட்டி படியில் உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டவன் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. வாக்குக் கொடுத்தவன் மாறுவான், சாவான், கனடாவுக்குப் போவான். அவனுடைய மருமகன் எனக்குத் தெரியாது என்பான். அது உலக வழக்கம், அதை நீ மாற்றமாட்டாய். ஆனால் எனக்குத் தெரியும், நான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு வாசலில் யாரும் உட்காராவிட்டால் அந்த வாக்கு அன்றைக்கே செத்துப்போகும். உட்கார்ந்தால் சிலவேளை மோட்டர் ஓடும். சிலவேளைதான், நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

உன் சித்தப்பாவுக்காக ஒருவரும் உட்காரவில்லை. கையெழுத்து வைத்தவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சாட்சிக்கு நின்ற உலகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. என் கோபம் முழுக்க அந்த வாக்குறுதியின் மேல்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லை. அந்த வாசலில் யாரும் இல்லாமல் போனதுதான் என்னால் தாங்கமுடியாதது. நீ போகிற வேலை அந்த வாசலில் உட்காருகிற வேலை. அதை வேண்டாம் என்று என் பேச்சைக் கேட்டு நீ எழுதினால், அவன் இரண்டாம்தரமும் தனியே விழுவான் என்று எனக்குப் படுகிறது. அங்கே போனால் ஒன்று மட்டும் செய். எல்லாரும் சிரித்துக்கொண்டு கைகுலுக்கும்போது, "மீறினால் என்ன?" என்று கேட்கிறவளாக இரு. உன்னை அபசகுனம் பிடித்தவள் என்பார்கள், பரவாயில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது பாதிக் காரணம். சொல்லிவிட்டு நீ அம்மாவின் காலைப் பார்த்தாய். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுகிறா. எனக்குப் பின்னேரங்களில் நெஞ்சுக்குள் ஒரு களைப்பு வருகிறது, நான் மறைத்தாலும் உனக்குத் தெரிந்திருக்கிறது. முதன்முதலாக நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று, "ஏதும் எண்டால் உடன வந்திடுவன் அப்பா," என்றாய். அப்போது எங்களுக்கு ஒன்றும் நடக்காத வயது, சொல்வதும் கேட்பதும் சுகமாக இருந்தது. இப்போது அதைச் சொன்னால் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்று உனக்குப் பயம். காப்பாற்ற முடியாத சொல்லைச் சொல்வதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் என்று நினைக்கிறாய். நாடுகளின் வாக்குறுதியைவிட உன்னுடைய வாக்குறுதிதான் உன்னைத் தடுக்கிறது. நான் உன்னைப் பெற்றவன், எனக்கு இது தெரியாதா?

நீ பயப்படுவது சரி. நீ வந்து சேராமல் போகலாம். விமானம் கிடைக்காது. பனி கொட்டும். விட்டுவிட்டு வரமுடியாத கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கும். நீ கட்டுநாயக்காவில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்படி நடந்தால் நீ பொய் சொன்னாய் என்று நான் நினைக்கமாட்டேன். நினைப்பதற்கு இருக்கவும் மாட்டேன். அம்மாவும் நினைக்கமாட்டா, அவவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஆசைதான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆசை இருக்கிறது என்பதற்காக நீ இங்கே காவல் இருக்கவேண்டாம்.

வெள்ளிக்கிழமை, வருகிறேன் என்று அவர்களுக்கு எழுது. புறப்படுகிற அன்று பெட்டியை ஓட்டோவில் ஏற்றிவிட்டு ஒருமுறை மேலே ஏறி வா. எனக்கு முன்னால் நின்று, "ஏதும் எண்டால் வந்திடுவன் அப்பா," என்று சொல்லு. நான் நம்புவேன்.

அப்பா